தொட்டிலும் நோய்க்கட்டிலும்

திருப்பரங்குன்றம் முருகப்பெருமானின் முதற்படைவீடு. அவர் தெய்வயானையை மணந்த தலம். ஆதலின் முகூர்த்த நாட்களில் அம்மலையடிவாரம் மணமக்களால் நிறைந்துவிடும். அங்கிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் சில கல் தொலைவில் தோப்பூர் இருக்கிறது. அதனை அடுத்த ஆஸ்டின்பட்டியில் காசநோயாளருக்கென ஏற்பட்ட அரசு மருத்துவமனை உள்ளது. மணக்கோலத்தில் குன்றத்தை வணங்கிய பெண்களுள் சிலர், பின்னர் நோயுற்று இவ்வழியே சென்றிருப்பர். அவர்களுள் கருவுற்றிருந்தோரின் மனநிலையை யார் கேட்டறிந்தார்கள்? இந்த வினாவின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

என் பாட்டியின் தங்கைக்கு இளவயதில் காசநோய் கண்டது. அந்நிலையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். குழந்தையை உடனே வேறு வீட்டிற்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் உணவை வெறுத்தார், பேச்சை நிறுத்தினார், இரவெல்லாம் விழித்திருந்தார். காற்றுக் கருப்புப் பட்டுவிட்டது என்று மந்திரித்த கயிறு கட்டினார்கள். நோய் பின்னர் நீங்கியது. முதுமையில் ஒருநாள் என்னிடம், "இருமல் எப்படி இருக்குன்னு எல்லாரும் கேட்டாக. நீ எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அவரைப் பிரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அக்காலத்து மருத்துவ அறிவு அத்தகையது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் அமைத்தபோது நல்ல காற்றும், ஓய்வும், சத்துணவுமே பெருமருந்துகள். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. ஐசோனியசிட் 1952இல் காசநோய்க்குப் பயன்படலாயிற்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தோன்றியது. சானடோரியத்தில் தங்கியோர்க்கும் வீட்டில் இருந்தோர்க்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்து அது ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்தை ஒழுங்காக உண்டால், வீட்டிலிருந்தே ஏறத்தாழ அதே அளவு குணம் பெறலாம் என்று 1959இல் வெளியான முடிவு காட்டிற்று. குடும்பத்தைப் பிரிந்துதான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால் தளர்ந்தது. இன்று, முறையான மருந்து உண்ணும் தாய், பெரும்பாலும் மருத்துவர் மேற்பார்வையில் தன் குழந்தைக்குப் பாலூட்டலாம். ஆனால் எல்லா மருந்தும் கருவுற்றோர்க்கு ஏற்றதன்று. ஸ்ட்ரெப்டோமைசின் கருவிலுள்ள குழந்தையின் செவித்திறனைக் கெடுக்கக்கூடும்.

மனத்தைப் பற்றிய அறிவு தனிவழியே வளர்ந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் மார்சே, கருவுற்றோர்க்கும் பிள்ளை பெற்றோர்க்கும் வரும் மனநோய்களைக் குறித்து 1858இலேயே தனிநூல் எழுதினார். 1948இல் இங்கிலாந்தின் காசல் மருத்துவமனையில், மனநோயுற்ற தாயைக் குழந்தையுடனேயே சேர்த்துக்கொண்டனர். 1987இல் பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோல் வெளிவந்தது. நம் நாட்டில், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009இல் தாயும் சேயும் ஒருங்கே தங்கும் பிரிவைத் தொடங்கிற்று.

2002இல் வெளியான வேலூர் மாவட்டக் கிராம ஆய்வு ஒன்றை நீங்கள் அறிதல் நலம். கருவுற்ற 359 பெண்களை அவ்வாய்வு பின்தொடர்ந்தது. மகப்பேற்றின் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். வறுமை, ஆண்மகவை விரும்பிய இடத்தில் பெண் பிறத்தல், மாமியாருடன் மனக்கசப்பு, கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அச்சோர்வோடு தொடர்புடையனவாகத் தெரிந்தன. அவர்கள் நாட்பட்ட நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். இந்தச் சுமைகளோடு காசநோயோ, நீரிழிவோ, இதயநோயோ சேர்ந்தால் என்னாகும்? மருந்து குழந்தையைத் தாக்குமோ என்ற அச்சம் ஒருபுறம். தான் நெடுநாள் வாழ்வோமோ என்ற ஐயம் மறுபுறம். அச்சத்தால் மருந்தை நிறுத்திவிட்டால் நோய் முற்றும். நோய் முற்றினால் மனம் மேலும் தளரும். ஆதலின் உடலையும் மனத்தையும் இருவேறு வழக்குகளாகப் பிரித்தல் பொருந்தாது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் ஐப்ரோனியசிட் என்னும் மருந்தைக் காசநோய்க்குக் கொடுத்தபோது, நோயாளிகள் உற்சாகம் பெற்றதை மருத்துவர்கள் கண்டனர். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்று அவ்வாறு காசநோய் விடுதியிலிருந்தே பிறந்தது. ஈரலுக்குத் தீங்கு செய்ததால் அது பின்னர் கைவிடப்பட்டது. எனினும் அது காட்டிய வழி நிலைத்தது.

மாணவர்களே, உங்கள் அக்காளோ அண்ணியோ நோயோடு கருவுற்றிருந்தால், மருந்து வேளையை நினைவூட்டுங்கள். அத்துடன் நில்லாதீர்கள். இரண்டு வாரத்திற்கு மேல் துயரமும் உறக்கமின்மையும் நீடித்தால், கயிறு கட்டிக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, என் சின்னப் பாட்டியிடம் ஒருவரும் கேளாத அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.