காபிக் கழிவு எரிபொருள்

காபிப் பழத்தைப் பதப்படுத்துகையில் எஞ்சும் தோல், சதை, கழுவுநீர் ஆகியவற்றை நுண்ணுயிரிகளால் நொதிக்கச் செய்து பெறப்படும் எரிவாயு, எத்தனால் முதலியவை. மதுரைக்கு வடமேற்கே உள்ள கீழ்ப்பழனி மலையில் காபி விளைகிறது. அங்குத் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் காபி பதப்படுத்தும் ஆலைகளும் உள்ளன.

கழிவு: பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தோலும் சதையும். பல்ப்பர் எந்திரம் இவற்றை நீக்கிய பின்னும் கொட்டையில் பெக்டின் நிறைந்த வழவழப்பு ஒட்டியிருக்கும். அதைக் கழுவிய நீர் விரைவில் புளித்துவிடும். ஓடையில் கலந்தால் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடியும்.

செய்முறை: கழுவுநீரின் புளிப்பைச் சுண்ணாம்பு இட்டுத் தணித்து, சாணக் கரைசல் சேர்த்துக் காற்றுப் புகாத கலத்தில் அடைப்பர். பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் பெக்டினையும் கரிம அமிலங்களாகச் சிதைக்கின்றன; அவற்றிலிருந்து மெத்தனோஜென்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. கிடைக்கும் வாயுவில் மீத்தேன் பொதுவாக 50 முதல் 70 விழுக்காடு. சதைச் சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தால் எத்தனால் கிடைக்கும்.

வரம்புகள்: கஃபீனும் டானினும் நுண்ணுயிரிகளின் வேலையைத் தடுக்கின்றன. அறுவடைக் காலத்தில் மட்டுமே கழிவு கிடைப்பதால், மற்ற மாதங்களில் கலத்துக்குச் சாணமோ வேறு பண்ணைக் கழிவோ தேவை. ஆலைகளில் நீக்கப்படும் உலர்ந்த உமியில் லிக்னின் மிகுதி. அது எளிதில் மட்காது என்பதால் நேரடியாக எரிப்பதற்கே ஏற்றது. எரிவாயு எடுத்தபின் எஞ்சும் கசடு தோட்டத்துக்கு உரமாகும்.