ஆம்ப்ளிஃபையரின் வாட்டும் ஒயரின் கனமும்: உப்புக் கரையிலிருந்து ஒரு வரலாறு

ஒலிக்குறிப்பைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் மின்கருவி ஆம்ப்ளிஃபையர். அதன் திறன் வாட்டில் குறிக்கப்படுகிறது. காரில் பாட்டுக் கருவி பொருத்துவோர் பலரும் வாட்டைப் பார்த்து ஆம்ப்ளிஃபையரை வாங்குகிறார்கள். ஒயரிங் கிட்டை மட்டும் கடைக்காரர் தருவதை வாங்கிக்கொள்கிறார்கள். ஒயர் தாங்காத வாட் ஒலியாக வெளிவருவதில்லை, வெப்பமாக மாறுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளங்கள் பரந்து கிடக்கும் மரக்காணம் போன்ற ஊர்களில் இதனோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வாட்டுக்கும் ஒயருக்கும் உள்ள இந்த உறவு எப்படி அறியப்பட்டது, இன்று அது நமக்கு எதைச் சொல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படை விதிகள்

1800இல் இத்தாலிய அறிஞர் வோல்டா இருவேறு உலோகத் தட்டுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கி, தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் மின்கலத்தைச் செய்தார். 1827இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான ஓம், மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகியவற்றின் உறவை நூலாக வெளியிட்டார். கம்பி நீண்டால் தடை கூடும். கனத்தால் தடை குறையும். 1840களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று காட்டினார். அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஒயர் தேர்வுக்கு வேண்டிய அறிவு முழுவதும் இவ்விரு விதிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

மைக் செட் காலம்

1915இல் கலிபோர்னியாவில் ப்ரிதம், ஜென்சன் என்ற இருவர் மின் ஒலிபெருக்கியைப் பொதுக்கூட்டத்தில் இயக்கிக் காட்டினர். சென்னையில் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் அது நின்றபின், 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் கடற்கரை ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டார்கள். பின்னர் கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் 'மைக் செட்' வந்தது. மரத்திலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டப்பட்டது.

மைக் செட் வைத்தவர்களுக்குத் தூரம்தான் சிக்கல். ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 வாட் ஆம்ப்ளிஃபையரிலிருந்து 200 மீட்டர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. போக வர 400 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் தடை மட்டும் ஏறத்தாழ 7 ஓம். அனுப்பும் திறனில் கிட்டத்தட்டப் பாதி வழியிலேயே போய்விடும்.

இதற்குக் கண்ட தீர்வு '100 வோல்ட் லைன்'. மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரில் குறைத்துக்கொள்வார்கள். அப்போது 100 வாட்டுக்கு 1 ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு 7 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். மெல்லிய ஒயரைக் கொண்டு ஊர் முழுவதும் பாட்டுப் போட முடிந்தது இதனால்தான்.

காருக்குள் தலைகீழ்க் கணக்கு

அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கினர். அக்காலக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரி. 1950களில் 12 வோல்ட்டுக்கு மாறியபோது, அதே திறனுக்கு வேண்டிய மின்னோட்டம் பாதியானது. ஆனாலும் மைக் செட்டின் 100 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தூரம் சில மீட்டர்தான். மின்னோட்டமோ மிக அதிகம்.

எடுத்துக்காட்டாக 500 வாட் 'டி' வகை ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்திறன் 80 விழுக்காடு என்றால் பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். 12.5 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் செம்பு ஒயர் போட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

21 சதுர மில்லிமீட்டர் (4ஆம் எண் கேஜ்): 0.2 வோல்ட் இழப்பு, 10 வாட் வெப்பம்.
8 சதுர மில்லிமீட்டர் (8ஆம் எண் கேஜ்): 0.5 வோல்ட் இழப்பு, 25 வாட் வெப்பம்.
2.5 சதுர மில்லிமீட்டர் (வீட்டு ஒயர்): 1.8 வோல்ட்டுக்கு மேல் இழப்பு, 90 வாட்டுக்கு மேல் வெப்பம்.

கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். தரைவிரிப்புக்கு அடியில் ஒரு குண்டு பல்பு எரிவதற்குச் சமம் அது.

பெட்டியில் அச்சிட்ட வாட்

'1000 வாட்' என்று பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்ச அளவு. கணக்கிட வேண்டியது தொடர்ந்து தரும் 'ஆர்.எம்.எஸ்.' அளவு. இந்தக் குழப்பம் பழையது. வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட்டை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க அரசு 1974இல் விதி வகுத்தது. கார் ஆம்ப்ளிஃபையர்களுக்கான தொழில்துறைத் தரம் 2003இல்தான் வந்தது. அதைப் பின்பற்றுவதும் நிறுவனங்களின் விருப்பம்.

ஒயரிலும் இதே கதை உண்டு. விலை குறைந்த கிட்டுகள் பலவற்றில் இருப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. அதே வேலைக்கு அது செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாக இருக்க வேண்டும்.

களிம்பு

செம்பில் ஏறும் பச்சைப் படிவைக் களிம்பு என்கிறோம். ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் அதுவே. கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உப்புத் தூசு படிந்த ஒயர் இணைப்பு மழையில்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பீரம் பட்டால், வோல்டாவின் மின்கலம் அங்கே தானாகவே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். இணைப்பின் தடை ஏறும். அந்த இடம் சுடத் தொடங்கும்.

எனவே கடற்கரை ஊர்களில் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரே ஏற்றது. முனைகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், லக் வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து உப்பளத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் நாட்களில் காரின் இணைப்புகளையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஃபியூஸ் யாருக்காக?

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி அருகே போடும் ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கானது. ஒயரின் உறை தேய்ந்து காரின் இரும்பில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அப்போது டிக்கியில் இருக்கும் ஃபியூஸால் பயனில்லை. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். அதன் அளவு ஒயர் தாங்கும் அளவை மீறக் கூடாது. மேலே சொன்ன 50 ஆம்பியர் அமைப்புக்கு, 21 சதுர மில்லிமீட்டர் ஒயரில், 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். போன ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும்.

வாங்கும் வரிசையும் இதிலிருந்தே தெளிவாகிறது: முதலில் ஆர்.எம்.எஸ். வாட், அதிலிருந்து ஆம்பியர், அதற்கும் நீளத்துக்கும் ஏற்ற ஒயர், அந்த ஒயருக்கு ஏற்ற ஃபியூஸ். மைக் செட்டுக்காரர் 100 வோல்ட் லைனால் தீர்த்துக்கொண்ட சிக்கலைக் காரில் ஒயரின் கனத்தால்தான் தீர்க்க முடியும்.