மீநாயகர் சலிப்பு

மீநாயகர் சலிப்பு என்பது, சூப்பர் ஹீரோ எனப்படும் அதீத ஆற்றல் கொண்ட நாயகர்களின் கதைகள் அளவுக்கு மிஞ்சி வெளிவருவதால் வாசகர்களிடமும் பார்வையாளர்களிடமும் ஏற்படும் ஆர்வக் குறைவைச் சுட்டும் சொல்லாட்சி ஆகும். அமெரிக்கத் திரைப்படங்களையும் இணையத் தொடர்களையும் பற்றிய விமர்சனங்களில் 2021க்குப் பின்னர் இச்சொல் மிகுதியாக இடம்பெறுகிறது. சொல் புதிது, அது குறிக்கும் நிலை பழையது. 1938இல் இவ்வகைக் கதைகள் அச்சில் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று முறை இத்தகைய தளர்ச்சி ஏற்பட்டுள்ளது. மூன்று முறையும் இவ்வகை மீண்டெழுந்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், புதிதாக வரும் தொடர்கள் இன்னும் புதுமையாக இருக்க முடியுமா என்ற கேள்வியையும் பார்க்கிறது.

தோற்றம்

1938 ஜூன் எனத் தேதியிடப்பட்ட 'ஆக்சன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். இதழின் விலை 10 சென்ட். கதையை எழுதிய ஜெர்ரி சீகல், வரைந்த ஜோ சூஸ்டர் இருவரும் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த இளைஞர்கள். கதையையும் பாத்திரத்தின் உரிமையையும் அவர்கள் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டனர். பாத்திரம் ஈட்டிய செல்வத்தில் நியாயமான பங்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பிறகு 1975இல்தான் ஆண்டு உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயர்க் குறிப்பும் வழங்கப்பட்டன. மீநாயகர் வரலாற்றில் படைப்பாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பூசல் முதல் இதழிலேயே தொடங்கிவிட்டது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

1939இல் பேட்மேன், 1941இல் வொண்டர் வுமன் எனப் புதிய பாத்திரங்கள் அடுத்தடுத்து வந்தன. ஜோ சைமன், ஜேக் கிர்பி இருவரும் உருவாக்கிய 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழின் அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான். அந்த இதழ் 1940 இறுதியில் கடைகளுக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது அதற்கு ஓராண்டுக்குப் பின்னர்தான்.

முதல் தளர்ச்சி

போர் முடிந்ததும் நாயகர்களுக்கு எதிரி இல்லாமல் போயிற்று. இளம் வாசகர்கள் குற்றக்கதை, திகில், காதல், குதிரைவீரர் கதைகளுக்கு மாறினர். பிளாஷ், கிரீன் லான்டர்ன் இதழ்கள் 1949இல் நின்றன. கேப்டன் அமெரிக்காவின் இதழ் திகில் இதழாகப் பெயர் மாற்றப்பட்டு 1950இல் முடிந்தது. அதன் கடைசி இதழில் கேப்டன் அமெரிக்காவே இல்லை. மீநாயகர் குழுவின் சாகசங்களை வெளியிட்டுவந்த 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்', 1951இல் 'ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்' ஆனது. தனி இதழோடு தொடர்ந்து நிலைத்தவர்களில் முதன்மையானவர்கள் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகிய மூவர்.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். உளவியல் மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் 1954இல் வரைகதைகளைக் கண்டித்து நூல் எழுதியதும், அதே ஆண்டில் அமெரிக்க மேலவைக் குழு விசாரணை நடத்தியதும், பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை நெறிமுறையை ஏற்படுத்திக்கொண்டதும் மீநாயகர்களை வீழ்த்தின எனப் பலர் எழுதுவர். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. வாசகர்கள் அதற்கு முன்பே விலகிவிட்டனர். நெறிமுறை பெரிதும் தாக்கியது திகில், குற்ற இதழ்களையே. அவை மறைந்த இடத்தில்தான் மீநாயகர்கள் மீண்டும் கால்வைத்தனர்.

மீட்சி

1956இல் 'ஷோகேஸ்' நான்காம் இதழில் பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் புதிய பிளாஷை அறிமுகப்படுத்தினார். பெயரும் ஆற்றலும் பழையவை. ஆள், உடை, தொழில் எல்லாம் புதியவை. இந்தப் புதிய நாயகன் பாரி ஆலன், கதையில் பழைய பிளாஷின் வரைகதையைப் படித்துக்கொண்டிருப்பான். முன்னோடியை மறைக்காமல், அவரைத் தாண்டிச் செல்லும் வழியை அந்த இதழ் காட்டியது.

1961இல் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் 'பென்டாஸ்டிக் ஃபோர்' இதழைத் தொடங்கினர். அதன் நாயகர்கள் தங்களுக்குள் சண்டையிட்டனர். ஒருவன் தன் ஆற்றலையே சாபமாக எண்ணினான். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தனர். அவன் அறிமுகமானது நிறுத்தப்படவிருந்த ஓர் இதழின் கடைசி வெளியீட்டில். வீட்டுச் செலவுக்குப் பணம் தேடும் பள்ளி மாணவன் முகமூடி அணிந்தவனாக இருப்பது அன்றைய வாசகருக்குப் புதிது. சுவரில் ஏறும் ஆற்றலைவிட அந்தப் பணத் தட்டுப்பாடே அவனை நிலைக்கச் செய்தது எனலாம்.

தொலைக்காட்சியில் பேட்மேன்

தொடர்களைப் பற்றிய விவாதத்தில் 1966ஆம் ஆண்டின் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடர் முக்கியமானது. ஏபிசி தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடிக்க அது 1966 ஜனவரியில் தொடங்கியது. வாரம் இரண்டு இரவுகள் ஒளிபரப்பு. முதல் நாள் நாயகன் ஆபத்தில் சிக்குவான், மறுநாள் தப்புவான். பளிச்சிடும் வண்ணங்கள், சண்டையின்போது திரையில் தோன்றும் ஒலிச்சொற்கள், வேண்டுமென்றே செய்த கேலி ஆகியவை நாட்டையே கவர்ந்தன.

ஆனால் ஒரே அச்சில் வார்த்த கதைகள் வாரம் இருமுறை வந்தன. மூன்றாம் பருவத்தில் ஒளிபரப்பு வாரம் ஒருமுறையாகக் குறைக்கப்பட்டு, பேட்கேர்ள் என்ற புதிய பாத்திரம் சேர்க்கப்பட்டது. அதுவும் பயனளிக்கவில்லை. 120 பகுதிகளுடன் 1968 மார்ச்சில் தொடர் முடிந்தது. நாடெங்கும் பரவிய ஒரு மோகம் எழுந்து அடங்க இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும் போதுமானதாக இருந்தன. மக்களுக்குப் பேட்மேன் சலித்துவிடவில்லை; அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

சேகரிப்பாளர் குமிழி

பழைய இதழ்கள் பெரும் விலைக்குப் போகின்றன என்ற செய்திகளால், 1980களின் பிற்பகுதியில் வரைகதைகளைச் சேமிப்பாக வாங்கும் பழக்கம் பரவியது. 1991இல் 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வெளியாகி 80 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் கடைகளுக்குச் சென்றது. அத்தனை வாசகர்கள் இருந்ததில்லை. ஒருவரே பல படிகள் வாங்கிப் பிரிக்காமல் வைத்தனர். 1992இல் சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுப்பு உறையில், துக்கக் கைப்பட்டையுடன் விற்கப்பட்டது. மறு ஆண்டே அவன் திரும்பி வந்தான்.

அரிதாக இருந்ததால்தான் பழைய இதழ்களுக்கு விலை இருந்தது. எல்லோரும் சேமித்ததற்கு அந்த விலை வரவில்லை. குமிழி உடைந்தபோது ஏராளமான சிறு கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. மூன்று தளர்ச்சிகளில் இதுவே கொடியது; இங்கே போனது ஆர்வம் மட்டுமன்று, நம்பிக்கையும்தான்.

திரைப் பிரபஞ்சம்

மார்வெல் தன் பாத்திரங்களின் திரைப்பட உரிமைகளைப் பிறருக்கு விற்றிருந்தது. 'எக்ஸ்-மென்' (2000), 'ஸ்பைடர்மேன்' (2002) ஆகியவற்றின் வெற்றிக்குப் பின், கையில் எஞ்சிய பாத்திரங்களைக் கொண்டு தானே படமெடுக்கத் துணிந்தது. 2008இல் வந்த 'அயர்ன் மேன்' அதன் முதல் கனி. 2009இல் டிஸ்னி மார்வெலைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2008 முதல் 2019 வரை 11 ஆண்டுகளில் 23 படங்கள் ஒன்றோடொன்று பின்னிய கதையாக வந்தன. 2019இன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகளவில் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது.

தற்போதைய சலிப்பு

எண்ட்கேம் ஒரு முடிவாக அமைந்தது. ஆனால் டிஸ்னி 2019 நவம்பரில் தொடங்கிய தன் இணையத் தளத்துக்கு இடைவிடாத சரக்கு தேவைப்பட்டது. 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மார்வெல் 7 திரைப்படங்களையும் 8 தொடர்களையும் வெளியிட்டது.

இதனால் மூன்று சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, படம் பார்ப்பது வீட்டுப்பாடமாக மாறியது. 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியரையும் முழுதாக அறிய ஒரு திரைப்படத்தையும் இரண்டு தொடர்களையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, பல இணைப் பிரபஞ்சங்கள் என்ற கருத்து வந்தபின் மரணத்துக்கு எடை குறைந்தது. 2018 படத்தில் இறந்த லோகிக்கு 2021இல் இன்னொரு பிரபஞ்ச வடிவத்தில் தனித் தொடரே கிடைத்தது. மூன்றாவது, பணிச்சுமை. நெருக்கடியான கால வரம்புகள் பற்றிக் காட்சி விளைவுக் கலைஞர்கள் வெளிப்படையாகக் குறைகூறினர். 2023 செப்டம்பரில் மார்வெலின் சொந்தக் காட்சி விளைவுப் பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தனர்.

'கேப்டன் மார்வெல்' (2019) 113 கோடி டாலர் ஈட்டியிருக்க, அதன் தொடர்ச்சியான 'தி மார்வெல்ஸ்' சுமார் 20.6 கோடி டாலரோடு நின்றது. நடிகர் வேலைநிறுத்தத்தால் நடிகர்கள் விளம்பரத்தில் பங்கேற்க முடியாமற்போனதும் இதற்கு ஒரு காரணம். மேலும், அதே ஆண்டில் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகமும் ஸ்பைடர்மேன் அசைபடமும் பெரும் வெற்றி பெற்றன. ஆகவே பார்வையாளர்கள் எல்லா மீநாயகர்களையும் ஒருசேரப் புறக்கணித்தனர் என்பது சரியன்று. 2024இல் டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர், மார்வெல் தொடர்களை ஆண்டுக்கு இரண்டளவுக்கும் படங்களை இரண்டு அல்லது மூன்றாகவும் குறைக்கப்போவதாக அறிவித்தார்.

புதுமை காட்டிய தொடர்கள்

இதே காலத்தில் வந்த சில தொடர்கள் சலிப்பைப் பொய்யாக்கின.

'வாட்ச்மென்' (2019): ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ் ஆகியோரின் 1986ஆம் ஆண்டு வரைகதையின் உலகைத் தொடரும் 9 பகுதிகள். 1921இல் ஒக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்ட வரலாற்று நிகழ்வோடு அது தொடங்குகிறது. அமெரிக்கர் பலர் அந்நிகழ்வை முதன்முதலில் அறிந்தது இத்தொடரால்தான். வெற்றிக்குப் பிறகும் டேமன் லிண்டலோஃப் இரண்டாம் பருவம் எடுக்கவில்லை.

'வாண்டாவிஷன்' (2021): கணவனை இழந்த பெண்ணின் துயரத்தை, 1950கள் முதலான அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் வடிவங்களில் சொன்னது. முதல் பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்தது.

'மிஸ் மார்வெல்' (2022): நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளி மாணவி கமலா கானின் கதை. 1947 இந்தியப் பிரிவினையின்போது கராச்சி செல்லும் ரயிலைப் பிடிக்கக் கூடிய மக்கள் கூட்டம் இதில் காட்டப்படுகிறது. ஹாலிவுட் மீநாயகர் கதைகளில் இதற்கு முன் காணாத களம் அது.

'தி பெங்குவின்' (2024): பேட்மேனின் எதிரியை மையமாக்கிய 8 பகுதிகள். பேட்மேன் கதையில் பங்கேற்பதே இல்லை. பறக்கும் மனிதர்களும் இல்லை; ஒரு குற்றவாளிக் குடும்பமும் ஒரு தாயும் மகனும் உள்ளனர்.

'தி பாய்ஸ்' (2019) வேறொரு பாடம் தருகிறது. மீநாயகர்களை விற்பனைப் பொருளாக்கும் நிறுவனத்தைக் கேலி செய்து எழுந்த அத்தொடர், பின்னர் தானே கிளைத் தொடர்களை ஈன்று ஒரு சிறு பிரபஞ்சமாக வளர்ந்தது.

மதிப்பீடு

மேற்கண்ட நான்கு தொடர்களுக்கும் பொதுவான கூறுகள் உள்ளன. அவை குறைந்த பகுதிகளில் முடிகின்றன. வேறொரு கதைவகையின் வடிவத்தையோ ஓர் உண்மையான ஊரின் வரலாற்றையோ பற்றிக்கொள்கின்றன. நாயகரின் ஆற்றலைவிட அவருடைய இழப்பைப் பேசுகின்றன. 1962இல் ஸ்பைடர்மேன் செய்ததும் இதுவே.

மறுபக்கக் கருத்தையும் சொல்ல வேண்டும். குதிரைவீரர் படங்கள் மங்கியதுபோல மீநாயகர் படங்களும் ஒருநாள் மங்கும் என இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2015இல் கூறினார். அமெரிக்கத் தொலைக்காட்சியை ஆண்ட குதிரைவீரர் தொடர்களில் ஒன்றான 'கன்ஸ்மோக்', 20 ஆண்டுகள் ஓடி 1975இல் நின்றது. அவ்வகை அழிந்துவிடவில்லை, நடுக்கூடத்திலிருந்து ஓரத்து அறைக்கு மாறியது. மீநாயகர்களுக்கும் அந்நிலை வரலாம். அது படைப்பாளிகளுக்குக் கேடு என்று சொல்வதற்கில்லை. ஸ்பைடர்மேன் பிறந்தது நிறுத்தப்படவிருந்த இதழில். மார்வெல் தானே படமெடுக்கத் துணிந்தது திவாலுக்குப் பிறகு.

எனவே புதிய தொடர்கள் புதுமையாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை, முடியும் என்பதே. ஆனால் சலிப்பு வந்த ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்பு அதிக இதழ்களும் அதிக பகுதிகளும் அதிக அட்டைகளும் வந்திருக்கின்றன. புதுமை வந்த முறைகளிலோ, யாரோ இருவர் ஒரு மெல்லிய இதழில் ஒரு மனிதனின் கவலையை எழுதியும் வரைந்தும் இருக்கின்றனர்.