அத்தர் மணக்கும் கசன்லாக்

பல்கேரியாவின் நடுப்பகுதியில், ஸ்தாரா பிளானினா மலைத்தொடருக்கும் ஸ்ரெட்னா கோரா குன்றுகளுக்கும் இடையே கிடக்கிறது ரோஜாப் பள்ளத்தாக்கு. அதன் தலைநகர் கசன்லாக். மே மாதப் பிற்பாதி தொடங்கி ஜூன் மாதம்வரை இங்கே விடியுமுன்பே தோட்டங்களில் ஆள் நடமாட்டம் இருக்கும். வெயில் ஏறினால் இதழிலுள்ள எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் பனி உலராத பூவாகப் பார்த்துப் பறிப்பார்கள்.

ஓட்டோமான் ஆட்சிக் காலத்தில் கிழக்கிலிருந்து வந்து வேரூன்றிய பன்னீர் ரோஜா இது. வாடைக்காற்றை மறிக்கும் மலையும் நீர் தேங்காத மண்ணும் செடிக்கு ஒத்துப்போயின. 1837-ல் இவ்வழியே வந்த பிரஷ்ய ராணுவ அதிகாரி மோல்ட்கே இந்தத் தோட்டங்களை வியந்து எழுதினார்.

அந்நாளில் கிராமத்துக்குக் கிராமம் செம்பு வாலைகள் இருந்தன. தண்ணீர் வசதிக்காக ஓடைக்கரையில் அடுப்பு மூட்டி, பூவையும் நீரையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஆவி போகும் குழாய் குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் இறங்கி வரும். முதலில் வடிவது பன்னீர். அதை மறுபடி காய்ச்சினால்தான் அத்தர் மேலே மிதக்கும். ஒரு கிலோ அத்தருக்கு 3,000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும்.

இத்தனை விலை போகும் சரக்கில் கலப்படம் நுழையாமல் இருக்குமா? 19-ஆம் நூற்றாண்டில் அதற்கான பொருள் இந்தியாவிலிருந்தே போனது. நிமார், காந்தேஷ் பகுதிகளில் காய்ச்சிய பாமரோசாப் புல்லெண்ணெய் பம்பாயில் கப்பலேறி, செங்கடல் வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்து, அங்கிருந்து பல்கேரியாவுக்குச் சென்றது. ஏறக்குறைய ரோஜாவின் வாசனையே அதற்கும் உண்டு. ஐரோப்பியச் சந்தையில் அதன் பெயர் துருக்கி ஜெரானியம் எண்ணெய்! வடித்த அத்தரில் ஊற்றியவர்கள் ஒரு பக்கம். வாலையில் ஏற்றுமுன் பூவின்மீதே தெளித்த கைகாரர்கள் மறுபக்கம்.

வாங்குவோரும் ஏமாளிகள் அல்லர். நல்ல அத்தர் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையிலேயே உறையத் தொடங்கும். புல்லெண்ணெய் சேர்ந்தால் உறைவது தாமதப்படும். அதனால் குப்பியைக் குளிர்நீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். கலப்படக்காரர்கள் விடுவார்களா? திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகைக் கலந்து, அத்தர் சீக்கிரம் உறையும்படி செய்தார்கள்.

1877–78 ரஷ்ய-துருக்கிப் போரில் கசன்லாக்குக்கு மேலேயுள்ள ஷிப்கா கணவாய் போர்க்களமானது. ஓட்டோமான் பிடி தளர்ந்தபின் ஏற்றுமதி நிறுவனங்கள் வளர்ந்தன. 1903-ல் முதல் ரோஜாத் திருவிழா நடந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு இத்தொழிலைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்த ஆட்சி போனபின் தொழில் மீண்டும் தனியார் கைக்கு வந்தது. 2014-ல் பல்கேரிய ரோஜா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊர்வலத்தோடு திரும்பிவிட வேண்டாம். அதிகாலையில் தோட்டத்தையும், பிறகு வாலைக்கூடத்தையும் பாருங்கள். கடைவீதியில் சல்லிசாக விற்கும் சின்ன மரக்குப்பிகளை வாங்குமுன், ஒரு கிலோவுக்கு 3,000 கிலோ பூ என்ற கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.