மிராசு

பரம்பரை நில உரிமை. அரபியில் வாரிசுச் சொத்தைக் குறிக்கும் சொல், பாரசீகத்தின் வழியே நவாபு காலக் கணக்குகளில் ஏறியது. ‘மிராசுதார்’ என்பதில் உள்ள ‘தார்’ பாரசீக விகுதி. தமிழில் இதற்கு ஏற்கெனவே ‘காணியாட்சி’ இருந்தது. ஆனால் கச்சேரியில் செல்லுபடியானது மிராசுதான்.

1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தார். 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸ் வரியை உயர்த்தியபோது மிராசுதார்கள் முரண்டினர். இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று கம்பெனி துருவ, பதிலாக வந்தது ஆதொண்டைச் சோழன் கதை: குறும்பரை வென்று, காடு திருத்தி, வேளாளரைத் தொண்டைமண்டலத்தில் குடியேற்றினானாம். கம்பெனி அதிகாரி எல்லிஸ் தம் 1818ஆம் ஆண்டு மிராசு நூலில் அதைப் பதிந்தார். ஊர்க்கதை இப்படித்தான் சர்க்கார் ஆவணமானது; ‘தொண்டைமண்டலம்’ என்ற பழம்பெயருக்கும் புதுத் தெம்பு வந்தது.

உழுதவர் அந்தக் கதையில் இல்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர், பறையர்கள் நிலம் பெற மிராசு முறை தடையாக நிற்பதை அறிக்கையாக எழுதினார். ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டது அந்த அறிக்கைதான்.

பேச்சு வழக்கில்: ‘பெரிய மிராசுன்னு நெனப்பு!’