செயற்கைப் பல் வேர்கொண்ட வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. மெல்லுவதற்கென்று அமைந்த உறுப்பை நம் முன்னோர் சொல்லோடு சேர்த்தெண்ணியது தற்செயலன்று. தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்துவதால் பிறப்பன என்றும், வகரத்திற்கு மேற்பல்லும் கீழிதழும் வேண்டும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துள்ளது. முன்பற்களை இழந்த ஓர் ஆசிரியர் வகுப்பில் 'தந்தை', 'வந்தான்' என்று ஒலித்துக்காட்ட முயல்வதை எண்ணிப் பார்ப்போமாயின் இழப்பின் அளவு விளங்கும்.

இழந்த பல்லுக்கு ஈடு தேடிய முயற்சி மிகப் பழமையானது. நடு அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டு உலுவா பள்ளத்தாக்கில் 1931ஆம் ஆண்டு மாயர் காலத்துக் கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 600ஐச் சார்ந்த அத்தாடையில், மூன்று முன்பற்களின் குழிகளில் பல்வடிவாகச் செதுக்கிய சிப்பித் துண்டுகள் பொருந்தியிருந்தன. பிணத்தை அழகு செய்யும் சடங்கு இஃது என்றே கருதப்பட்டது. ஆயின் 1970இல் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் அமடேயோ பாப்பியோ ஊடுகதிர்ப் படம் எடுத்து நோக்கியபோது, இரு துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கக் கண்டார். பிணத்தின் எலும்பு வளராதன்றோ! உயிரோடு இருந்தபோதே அவை பதிக்கப்பட்டிருந்தன.

ஐரோப்பிய வரலாறு இவ்வளவு இனிமையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனின் புகழ்மிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஒருவரின் பல்லைப் பிடுங்கி மற்றொருவரின் தாடைக் குழியில் நடும் முறையை ஆதரித்தார். முதற்பல் பொருந்தாவிடில் உடனே வேறொன்றைப் பிடுங்குவதற்காகப் பலரை அருகில் காத்திருக்கச் செய்யலாம் என்பதும் அவர் கருத்து. காத்திருந்தோர் ஏழைகள், பெற்றோர் செல்வர். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக் கணக்கேட்டில், 1784ஆம் ஆண்டு கறுப்பினத்தவரிடம் 9 பற்கள் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்த பதிவு உள்ளது. தம் உடலுக்கே உரிமையற்ற அடிமைகள் விற்ற பற்கள் அவை. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களும் பிடுங்கப்பட்டு, தந்தத் தகட்டில் பதிக்கப்பெற்று, செல்வர் வாய்களை அடைந்தன. 'வாட்டர்லூ பற்கள்' என்றே அவற்றிற்குப் பெயர் வழங்கிற்று.

பொன், பிளாட்டினம் முதலிய உலோகங்களால் வேர் செய்து பதிக்கும் முயற்சிகளும் இடையிடையே நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை உடல் ஏற்கவில்லை. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே மென்தசை வளர்ந்து, வேர் ஆட்டங்கண்டு வீழ்ந்தது.

வழி திறந்தது பல் மருத்துவத்தில் அன்று, முயலின் காலில்! சுவீடன் நாட்டின் லுண்டு பல்கலைக்கழகத்தில் 1952ஆம் ஆண்டு, பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவர் எலும்பு மச்சையில் குருதி ஓடும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டேனியம் கூடுள்ள நுண்ணோக்குக் கருவியைப் பதித்திருந்தார். விலைமிக்க அக்கருவியை மீண்டும் பயன்படுத்தக் கருதிக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்துவிட்டது. மற்றொருவராயின் கருவி பாழாயிற்றே என்று வருந்தி வேறு வேலை பார்த்திருப்பார். பிரோனமார்க் அவ்வாறு விட்டுவிடவில்லை. டைட்டேனியத்தின் மேற்புறத்தில் காற்றுப்பட்டவுடன் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. உடலின் உப்புநீர் அதனை அரிப்பதில்லை. எலும்பும் அதனைப் பகையாகக் கொள்வதில்லை. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரகர் என்னும் மதகுரு கருமணலில் கண்டறிந்த தனிமம் இது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், நம் நாட்டு ஈயச் சுரங்கங்களில் ஈயம் அலசியபின் எஞ்சிய 'அமாங்' கருமணலிலும் இதன் தாது உண்டு என்பதை மாணவர் அறிந்துகொள்ளலாம்.

1965ஆம் ஆண்டு, பிறவியிலேயே தாடை குறைபட்டுக் கீழ்ப்பற்கள் இன்றி வருந்திய கோஸ்டா லார்சன் என்பவருக்கு நான்கு டைட்டேனிய வேர்களைப் பதித்தார் பிரோனமார்க். 2006இல் லார்சன் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன.

எனினும் பல் மருத்துவ உலகம் எளிதில் இணங்கவில்லை. பிரோனமார்க் பல் மருத்துவர் அல்லர் என்பதே பெருங்குறையாயிற்று. ரீடர்ஸ் டைஜஸ்ட் போன்ற இதழில் எழுதப்படுவோரை நம்புவதற்கில்லை என்று ஒரு கூட்டத்தில் மூத்த அறிஞர் ஒருவர் எள்ளினார். பற்குச்சிப் பெட்டியின் முதுகில் தம்மை விளம்பரம் செய்துகொள்வோரைத் தாமும் நம்புவதில்லை என்று பிரோனமார்க் மறுமொழி தந்தாராம். அவ்வறிஞர் அத்தகைய விளம்பரத்தில் இடம்பெற்றவர். நகைச்சுவை அவரைக் காத்ததோ இல்லையோ, பதினைந்து ஆண்டுக் கணக்குகள் காத்தன. 1982இல் கனடாவின் டொரொண்டோ மாநாட்டில் அவர் குழுவினர் அக்கணக்குகளை முன்வைத்தபின் வட அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் அம்முறையை ஏற்கத் தொடங்கின. 2014இல் தமது 85ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

பிரோனமார்க் வகுத்த முறையில் வேரைப் பதித்து ஈற்றை மூடிவிடுவர். எலும்பு ஒன்றுவதற்குக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருந்து, அதன்பின்னரே மேலே பல்லைப் பொருத்துவர். இன்று சிலருக்கு அத்துணைக் காத்திருப்பு வேண்டுவதில்லை. டைட்டேனியம் சொத்தையாவதில்லை; ஆயின் பல் துலக்கத் தவறினால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையும். புகைப்போர்க்கு இவ்விடர் மிகுதி. யார் பல்லையும் யாரும் பிடுங்க வேண்டியதில்லை என்பது பெரிய நன்மையே. ஆயினும் ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கப்படுகிறது. முன்னாளில் பல்லை விற்றவரின் நிலையில் உள்ள ஏழைக்கு இன்றும் கழற்றி மாட்டும் பல்செட்டே எட்டும் விலையில் இருக்கிறது.