ஆச்சியின் அமெரிக்கக் கிண்ணம்

பொங்கலுக்கு குலசேகரன்பட்டினம் போனப்ப கிடைச்ச கதை இது.

எங்க ஆச்சி வீட்டு மர அலமாரியில பட்டை பட்டையா மின்னுற கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணு உண்டு. தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தப்ப வாங்கினது. "ஏல, அமெரிக்காவுல கையால வெட்டுன சாமானாக்கும், பாத்து எடு"ம்பாங்க ஆச்சி. அதை வித்து, ஒழுகுற மச்சைச் சரி பண்ணலாம்னு வீட்டுல பேச்சு. சரக்கு அசலான்னு பார்க்கிற வேலை என் தலையில!

கட் கிளாஸ்ங்கிறது சாணை பிடிக்கிற மாதிரி வேலை. ஈயம் கலந்த கனமான கண்ணாடியை, மணல் கலந்த தண்ணி சொட்டுற இரும்புச் சக்கரத்துல வெட்டி, கல் சக்கரத்துல இழைச்சு, மெருகேத்தணும். உதய்ப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் 1877-ல் பர்மிங்காம் ஆஸ்லர் கம்பெனிக்கு இப்படிக் கண்ணாடிச் சாமான்கள் ஆர்டர் கொடுத்தார். அதைப் பார்க்காமலே 1884-ல் இறந்துட்டார், பாவம். அமெரிக்காவில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது 1876 பிலடெல்பியா கண்காட்சிக்கு அப்புறம். முதல் உலகப்போர் வரைக்கும் அந்த மவுசு நீடிச்சது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெட்டுன விளிம்பு விரல்ல கூர்மையா உறுத்தும். கிண்ணம் கனக்கும். மெல்லச் சுண்டினா மணி மாதிரி ஒலி நிக்கும். ஹாக்ஸ், லிபி மாதிரி கம்பெனிகள் அமிலத்தால பொடிசா முத்திரை போட்டதும் உண்டு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியும். எல்லாச் சாமான்லயும் முத்திரை இருக்காது. சிலர் அச்சுல பாதி டிசைன் எடுத்து மேல வெட்டுனதும் உண்டு. அதனால ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது.

ஆச்சி கிண்ணத்துல விளிம்பெல்லாம் மழுங்கல். சுண்டினா 'டொக்'. கவுத்துப் பார்த்தா, மேல இருந்து கீழ வரை மெல்லிசா ஒரு கோடு. அச்சோட இணைப்புக் கோடு! வெட்டுனது இல்லை, அச்சுல அழுத்துனது.

இங்கதான் வேடிக்கை. உருகுன கண்ணாடியை அச்சுல ஊத்தி இயந்திரத்தால அழுத்துற முறையை 1820-களில் வளர்த்தெடுத்ததே அமெரிக்காக்காரங்கதான். பணக்காரன் வீட்டுப் பளபளப்பு சாமானியன் வீட்டுக்கு வந்தது அதனாலதான். சின்னக் கடைக்காரரான எங்க தாத்தா வேற எப்படி வாங்கியிருக்க முடியும்? இதைப் போய் போலின்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

தயங்கித் தயங்கி ஆச்சிகிட்ட சொன்னேன். கிண்ணத்தை வாங்கி முந்தானையால துடைச்சாங்க.

"வெட்டுனா என்னல, அழுத்துனா என்னல? ஒங்க தாத்தா கப்பல்ல மடியில வச்சுல்லா கொண்டாந்தாக."

கிண்ணம் திரும்ப அலமாரிக்குப் போயிடுச்சு. மச்சு வேலை என் சம்பளத்துல. :-)

உங்க வீட்டு அலமாரியில இப்படி ஏதாவது இருக்கா? கவுத்துப் பார்த்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க.